'ரெக்டு' பார்க்கலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா?

காட்டுப் பள்ளத்தில் உருண்டு நொறுங்கிய ஒரு கார். உள்ளே கால் சிக்கிய நிலையில் கண் விழிக்கும் ஒருவனுக்குத் தன் பெயர்கூட நினைவில் இல்லை. ஏட்ரியன் பிராடி நடித்த 'ரெக்டு' படத்தின் கதையை இப்படிச் சொன்னால் யாருக்கும் பார்க்கத் தோன்றும். பார்த்தவர்களோ ஒத்துப்போவதே இல்லை. தூக்கம் வந்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. இவ்வளவு குறைவான வசனத்தை வைத்துக்கொண்டு இப்படி உட்கார வைத்துவிட்டாரே என்று பிராடியைப் புகழ்கிறது இன்னொரு தரப்பு. ஐஎம்டிபியில் பத்துக்கு ஐந்து சொச்சம்தான் மதிப்பெண். ஒன்றரை மணி நேரத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. விருப்பும் வெறுப்பும் கலந்து வந்த சராசரி அது. உங்களுக்குப் பிடிக்குமா என்பதை அது சொல்லாது.

இந்தப் படத்தைத் தனியாக வைத்துப் பேசுவதைவிட, இதே வகையில் வந்த மற்ற படங்களோடு வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு 2010ஆம் ஆண்டு வசதியாக அமைந்திருக்கிறது. மைக்கேல் கிரீன்ஸ்பன் இயக்கிய 'ரெக்டு', டேனி பாய்ல் இயக்கிய '127 ஹவர்ஸ்', ஸ்பெயின் இயக்குநர் ரோட்ரிகோ கோர்டெஸின் 'பரீட்' மூன்றும் அந்த ஆண்டில் உருவானவைதான். மூன்றிலும் ஒரே ஓர் ஆள், ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறான். நீளம்கூட 91, 94, 95 நிமிடங்கள். ஒரே கேள்வித்தாளுக்கு மூன்று பேர் எழுதிய விடை போல. முடிவுகளை எந்தப் படத்துக்கும் உடைக்கப்போவதில்லை. '127 ஹவர்ஸ்' மட்டும் விதிவிலக்கு, உண்மைச் சம்பவம் என்பதால் அதன் முடிவு படம் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே செய்தித்தாளில் வந்துவிட்டது.

முதலில் 'ரெக்டு'. கண் விழித்தவனுக்குக் காருக்குள் ஒரு பிணம் தெரிகிறது. ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. பணம் கிடைக்கிறது. கார் ரேடியோவில் வங்கிக் கொள்ளை பற்றிய செய்தி வருகிறது. நம்மைப் போலவே அவனும் கணக்குப் போடுகிறான்: அந்தக் கொள்ளைக்காரர்களில் ஒருவன் நான்தானா? இது படத்தின் ஆகச் சிறந்த யோசனை என்று நினைக்கிறேன். பிழைப்புப் போராட்டப் படங்களில் பொதுவாக நாயகன் பிழைக்க வேண்டும் என்று நாம் கேள்வி கேட்காமலே ஆசைப்படுவோம். இங்கே அந்த ஆசைக்கே ஒரு முட்டுக்கட்டை. இவன் கொலைகாரனாக இருந்தால்? மேலே சாலையில் யாராவது வந்தால் அது உதவியா, கைதா? காப்பாற்றப்படும் தகுதி தனக்கு இருக்கிறதா என்பதே தெரியாமல் ஒருவன் உதவிக்குக் குரல் கொடுக்கிறான். இந்தச் சங்கடத்தைப் பிராடி முகத்திலேயே காட்டிவிடுகிறார். 'தி பியானிஸ்ட்' படத்துக்காக 29 வயதில் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர். அந்தப் பிரிவில் அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. பசியிலும் தனிமையிலும் ஓர் உடம்பு எப்படிச் சுருங்கும் என்பதை அங்கே ஏற்கெனவே நடித்துப் பார்த்தவர். 'ரெக்டு' பிடித்தவர், பிடிக்காதவர் இருவருமே ஒப்புக்கொள்ளும் ஒரே விஷயம் அவருடைய நடிப்புதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு எரிச்சல்?

எதிர்ப்பவர்களின் புகார்கள் மூன்று வகை. படம் மெதுவாக நகர்கிறது என்பது முதலாவது. அவன் மனதுக்குள் வந்துபோகும் பெண் உருவமும் மற்ற மாயத் தோற்றங்களும் தேவையே இல்லை என்பது அடுத்தது. கடைசியில் கிடைக்கும் விடை, காத்திருந்த அளவுக்குக் கனமாக இல்லை என்பது மூன்றாவது. மெதுவாக நகர்கிறது என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கால் உடைந்தவன் தவழ்ந்து போகும் படம் வேகமாகப் போக முடியாது. மற்ற இரண்டையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

பேச ஆள் இல்லாத கதையில் ஒருவன் மனதை வெளியே கொண்டுவர இயக்குநருக்கு ஒரு வழி வேண்டும். '127 ஹவர்ஸ்' படத்தில் அந்த வழி கையடக்க வீடியோ கேமரா. பாறையில் கை சிக்கிய ஆரன் ரால்ஸ்டன் அதில் தன் பெற்றோருக்குப் பேசிப் பதிவு செய்தார்; அது உண்மையிலேயே நடந்தது. 'பரீட்' படத்தில் சவப்பெட்டிக்குள் ஒரு கைப்பேசி இருக்கிறது. அதில் வரும் குரல்கள்தான் கதையை நகர்த்துகின்றன. 'ரெக்டு' தன் நாயகனிடமிருந்து இரண்டையுமே பறித்துவிடுகிறது. ரேடியோ பேசும், ஆனால் இவன் பேசினால் அதற்குக் கேட்காது. எனவே படம் மாயத் தோற்றத்திடம் போய் நிற்கிறது. அந்தப் பெண் வரும்போது ஆபத்து கூடுவதில்லை, தகவலும் அதிகம் கிடைப்பதில்லை. காட்டின் கடுமையும் சற்றுத் தளர்ந்துவிடுகிறது. படத்தில் நான் பொறுமை இழந்த இடங்கள் இவைதான். ஒரு நாய் வருகிறதே, அந்தக் காட்சிகள் எவ்வளவோ மேல். மலைச்சிங்கம் வரும் காட்சியும் அப்படித்தான். உயிருள்ள ஏதோ ஒன்று எதிரில் நின்றால் பிராடிக்குக் கூடுதல் வேலை கிடைக்கிறது.

நினைவு விஷயத்தில் '127 ஹவர்ஸ்' இதற்கு நேர் எதிர். ரால்ஸ்டனுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. தங்கை, பழைய காதலி, வீட்டில் வைத்துவிட்டு வந்த பொருள், எடுக்காமல் விட்ட அம்மாவின் தொலைபேசி அழைப்பு என்று நினைவுகளே அவருக்குத் துணையாகவும் தண்டனையாகவும் இருக்கின்றன. 2003 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற குறுகலான பாறைப் பிளவுக்குள் இறங்கியபோது, எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள பாறை நகர்ந்து வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்து, மொக்கையான ஒரு சிறு கத்தியால் முன்கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். இது படம் தொடங்கும் முன்பே நமக்குத் தெரியும். ஆனாலும் கடைசி இருபது நிமிடம் இருக்கை நுனிக்கு வரவைக்கிறது. அவன் யார், எதை இழக்கப்போகிறான் என்று தெரிந்திருப்பதால்தான் நமக்குப் பதைக்கிறது. 'ரெக்டு' பார்த்தவர்களில் பலர், படத்தோடு ஒட்ட முடியவில்லை என்று சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவனுக்காக ஒன்றரை மணி நேரம் பதைப்பது எல்லோராலும் முடிவதில்லை.

ரஹ்மானையும் சொல்லியாக வேண்டும். '127 ஹவர்ஸ்' படத்துக்காகப் பின்னணி இசை, பாடல் என்று இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் அவருக்குக் கிடைத்தன. படத்துக்கு மொத்தம் ஆறு. ஓர் அடி நகர முடியாத மனிதனைப் பற்றிய படம் அவ்வளவு துள்ளலோடு இருப்பதற்கு அவர் இசையும், திரையை இரண்டு மூன்றாகப் பிரித்துக்காட்டும் பாய்லின் அவசரமும்தான் காரணம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இதுவே கொஞ்சம் இரைச்சலாகவும் படலாம். 'ரெக்டு' ரசிகர்கள் சிலருக்கு '127 ஹவர்ஸ்' பிடிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

'பரீட்' பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. அது ஒரு தந்திரம், அந்தத் தந்திரத்தை அது அபாரமாகச் செய்கிறது. இராக்கில் லாரி ஓட்டப்போன அமெரிக்கராக ரயான் ரெனால்ட்ஸ். கண் விழிக்கும்போது மண்ணுக்கடியில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறார். கேமரா அந்தப் பெட்டியை விட்டு ஒருமுறைகூட வெளியே வருவதில்லை. பார்சிலோனாவில் ஏழு சவப்பெட்டிகளை வைத்து 17 நாளில் எடுத்து முடித்தார்கள். பதற்றம் என்ற ஒன்றை மட்டும் அளந்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். முடிவைப் பார்த்துவிட்டுக் கோபப்படுபவர்கள் ஏராளம். எனக்கு அந்த முடிவு சரியாகத்தான் பட்டது.

சரி, லாஜிக் பார்ப்பவர்கள் எதைப் பார்க்கலாம்? இந்த வகைப் படங்களைப் பற்றிய சண்டைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

'ரெக்டு' மீது வைக்கப்படும் பெரிய கேள்வி: தலையில் அடிபட்டால் பெயரே மறந்துபோகுமா? நிஜ வாழ்க்கையில் இது மிக அரிது. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு விபத்து நடந்த நேரமும் அதற்கு முன்பின் உள்ள நிமிடங்கள், மணிகள், சில வேளை நாட்களும் மறந்துபோவது வழக்கம். அண்மைய நினைவுகள்தான் முதலில் அடிபடும், பழையவை தங்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் ஒரு விதியாகச் சொல்லிவிட்டார். சொந்தப் பெயர் என்பது ஒருவரின் மிகப் பழைய நினைவுகளில் ஒன்று. பேச்சும் பொது அறிவும் அப்படியே இருக்க, 'நான் யார்' என்பது மட்டும் அழிந்துபோகும் நிலையை மருத்துவர்கள் பெரும்பாலும் மன அதிர்ச்சியோடுதான் இணைக்கிறார்கள். மூளைக்காயத்தை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்வது குறைவு. படத்துக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். அந்தக் காருக்குள் நடந்ததில் மன அதிர்ச்சிக்குக் குறைவில்லை. போதாததற்குத் தாகமும் பசியும் காயமும் சேர்ந்தால் மனம் குழம்பத்தான் செய்யும். ஆனால் திரைக்கதைக்குத் தேவைப்படும் நேரத்தில் தேவையான துண்டு மட்டும் நினைவுக்கு வருவது எழுத்தாளரின் வசதிக்காகத்தான், வேறெதற்கும் இல்லை.

கால் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு, இதைப் பெரும்பாலான பார்வையாளர்கள் கவனிப்பதில்லை. ஒரு தசைப்பகுதி பல மணி நேரம் நசுங்கிக் கிடந்துவிட்டு விடுபடும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்கும். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 1940-41இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள்ளிருந்து மீட்கப்பட்டவர்கள், மீட்ட பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைக் கவனித்த மருத்துவர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். 'ரெக்டு' நாயகனின் கால் எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம் நசுங்கியிருந்தது என்பதைப் படம் துல்லியமாகக் காட்டுவதில்லை என்பதால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடலாம். காருக்குள்ளேயே இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வாகனத்தை விட்டு நகராதே, தேடுபவர்களுக்கு மனிதனைவிட வாகனம்தான் எளிதில் கண்ணில் படும் என்பதே மீட்புப் பணியாளர்களின் வழக்கமான அறிவுரை. ஆனால் அந்தக் கார் அடர்ந்த மரங்களுக்குக் கீழே கிடக்கிறது, துணைக்கு ஒரு பிணம், தேடிவரப்போவது போலீஸா என்ற பயம் வேறு. அவன் கிளம்புவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

லாஜிக்கில் 'பரீட்' இதைவிடப் பலவீனம். மண்ணுக்கடியில் சிக்னல் கிடைப்பதை விடுங்கள். அடைபட்ட பெட்டிக்குள் லைட்டரை அத்தனை முறை பற்றவைத்தால் என்ன ஆகும்? ஆக்ஸிஜன் தீர்வதற்கு முன்பே கரியமில வாயு சேர்ந்து தலைவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வரிசையாக வந்துவிடும். ரெனால்ட்ஸோ கடைசிவரை கத்திப் பேசுகிறார். பார்க்கும்போது இது தோன்றாது என்பது கோர்டெஸின் வெற்றி. எல்லாம் நம்பும்படி இருந்தால்தான் படம் பார்ப்பேன் என்பவருக்கு '127 ஹவர்ஸ்' தவிர வேறு பரிந்துரை இல்லை.

ரத்தம் பார்த்தால் தாங்காது என்பவருக்கு அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். கையை அறுக்கும் காட்சி சில நிமிடங்கள்தான். ஆனால் 2010இல் டெல்லுரைடு, டொராண்டோ திரைப்பட விழாக்களில் அதைப் பார்த்துச் சிலர் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. நரம்பு அறுபடும் இடத்தில் ஒலி மட்டுமே போதும், கண்ணை மூடிப் பயனில்லை. 'ரெக்டு' படத்தில் பிணமும் அழுக்கும் காயமும் உண்டு, அந்த அளவுக்குக் குடலைப் புரட்டும் காட்சி கிடையாது. 'பரீட்' ரத்தத்தில் குறைவு, ஆனால் லிஃப்ட் நின்றால் வியர்ப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். 'ரெக்டு' மீதான கோபம் முழுக்க அது ஒரு புதிரை முன்வைத்ததால் வந்தது என்பது என் எண்ணம். இதை ஒரு நான்காவது படத்தை வைத்துச் சரிபார்க்கலாம். 2018இல் வந்த 'ஆர்க்டிக்', ஐஸ்லாந்தில் எடுக்கப்பட்டது, நாயகன் மேட்ஸ் மிக்கெல்சன். விமானம் விழுந்து பனிவெளியில் மாட்டிக்கொண்டவன். அவன் யார், குடும்பம் உண்டா, எங்கிருந்து வந்தான், எதுவுமே படத்தில் சொல்லப்படுவதில்லை. வசனமும் 'ரெக்டு' அளவுக்குத்தான், வேகமும் அப்படித்தான். ஆனால் அவன் யார் என்று கடைசிவரை சொல்லவில்லையே என்ற புகாரை அந்தப் படம் சந்திப்பதில்லை, ஏனென்றால் அது அந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. அவனைத் தேடிவந்த ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்குகிறது, காயம்பட்ட ஒரு பெண் அவன் பொறுப்பில் வருகிறாள், அவளை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறான். அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அந்த நடை போதும். 'ரெக்டு' துப்பாக்கியையும் பணத்தையும் ரேடியோவையும் காட்டி ஒரு துப்பறியும் கதைக்கான வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலான நேரத்தை மண்ணில் தவழும் உடம்புக்குச் செலவிடுகிறது. துப்பறியும் கதைக்காக வந்தவன் வாட்ச்சைப் பார்க்கிறான். உடம்பின் போராட்டத்துக்காக வந்தவனுக்கு அந்தக் கொள்ளைக் கதை வெறும் இடையூறு. இருவருக்கும் பாதிப் படம்தான் கிடைக்கிறது.

இதனால், அடுத்தவர்களின் கருத்தைப் படிக்கும்போது மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். முடிவைப் பற்றியே புலம்புகிறவர் புதிருக்காக வந்தவர். காடு, மழை, கால், பூச்சி என்று பேசுகிறவர் மற்ற வகை. உங்களைப் போன்றவர் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீங்கள் புதிர்க்காரர் என்றால், நான் 'ரெக்டு' பக்கம் அனுப்ப மாட்டேன். கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ' 2000இலிருந்தே இருக்கிறது. 113 நிமிடம், ஓர் ஐந்து நிமிடம்கூட வீண் இல்லை. அங்கே நாயகனுக்குப் பழையதெல்லாம் நினைவிருக்கும், விபத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் தங்காது. சூர்யாவின் 'கஜினி'யைப் பார்த்தவர்களுக்கு இந்த மறதி பழக்கப்பட்டதுதான். நினைவிழப்பை வெறும் கதைச் சரக்காக வைக்காமல், படம் சொல்லப்படும் வரிசையிலேயே அதை ஏற்றிவிட்டார் நோலன். அந்த விஷயத்தில் 'ரெக்டு' பக்கத்தில்கூட வர முடியாது.

உடம்பின் போராட்டம்தான் வேண்டும் என்றால் 'ஆர்க்டிக்' முதலில், 'ரெக்டு' அடுத்து. இந்த வரிசைக்கு ஒரு காரணமும் இருக்கிறது: 'ஆர்க்டிக்' உங்களுக்கு அலுப்பாக இருந்தால் 'ரெக்டு' நிச்சயம் அலுக்கும்.

நான்கு பேர் சேர்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்றால் 'பரீட்'. எல்லோரும் கத்துவார்கள், முடிந்ததும் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், அதுவும் ஒரு சுகம். இந்தப் பட்டியலில் எதையுமே பார்த்ததில்லை, ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால் '127 ஹவர்ஸ்', அந்தச் சில நிமிடங்களைத் தாங்க முடியும் என்றால்.

'ரெக்டு'தான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும்: தனியாகப் பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஈரக் காடு அதில் பாதி ஒலியாகத்தான் வருகிறது, போனைத் தடவிக்கொண்டே பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் தெரியும். ட்ரெய்லர் வேண்டாம், கதைச்சுருக்கமும் வேண்டாம். படத்தின் கையில் இருப்பது ஒரே ஒரு ரகசியம், அதுவும் சின்னது. அவன் காருக்குள்ளேயே நல்ல நேரம் கிடப்பான். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எப்போதுதான் வெளியே வருவான் என்று எரிச்சலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வெளியே வந்த பிறகும் இதே வேகம்தான்.